தென்னமெரிக்க நாட்டுப்புற ஆடல்களை மேடையில் பார்க்கும்போது தாளத்தை எப்படிப் பின்தொடர்வது?

அர்ஜென்டினா, பெரு நாட்டு ஆடல்களை மேடையில் பார்த்தபோது கைதட்டித் தாளம் போட முயன்றதாகவும், சில நொடிகளிலேயே தவறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் நேர்ந்தது. அது காதின் குறையன்று. அந்த இசையில் இரண்டு கணக்குகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன.

ஆறு சிறு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் 'தகிட தகிட' என்று இரண்டாகவும் பிரிக்கலாம், 'தக தக தக' என்று மூன்றாகவும் பிரிக்கலாம். பெருவின் மரினேரா, சிலியின் குவேக்கா, அர்ஜென்டினாவின் சாக்கரேரா ஆகிய மூன்றிலும் இவ்விரு பிரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. சாக்கரேராவில் பாட்டு பெரும்பாலும் முதல் கணக்கில் செல்ல, பொம்போ என்னும் பெரிய முரசு இரண்டாம் கணக்கைப் பிடிக்கிறது. அதிலும் முரசின் ஆழ்ந்த ஒலி முதல் 'தக'வில் விழாமல் அடுத்த இரண்டிலும் விழுகிறது. கனமான அடியே சுற்றின் தொடக்கம் என்று நம்பிக் கைதட்டுகிறவர் வழிதவறுவது இங்கேதான்.

தாளத்தைக் கண்ணாலேயே படிக்க விரும்பினால் மலாம்போவிலிருந்து தொடங்குங்கள். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் மாடுமேய்க்கும் கௌச்சோக்களிடமிருந்து வந்த, மரபாக ஆண்கள் மட்டுமே ஆடிய ஆடல் அது. அதற்குப் பாட்டு கிடையாது. குதிகாலும் நுனிக்காலும் பாதத்தின் ஓரமும் தரையில் எழுப்பும் ஒலியே அதன் உயிர். ஒவ்வோர் அடவையும் வலக்காலில் ஆடியபின் அதே நேர்த்தியுடன் இடக்காலிலும் ஆடவேண்டும் என்பதால், முதல் முறை தவறவிட்டதை இரண்டாம் முறை பிடித்துவிடலாம். வடபகுதிப் பாணியில் குதியுள்ள காலணி அணிகிறார்கள். தென்பகுதிப் பாணியிலோ விரல்கள் வெளியே தெரியும் குதிரைத்தோல் காலுறையுடன் ஆடுவதால் ஒலி மென்மையாகிறது. கோர்தோபா மாநிலத்தின் லபோர்தே என்ற சிற்றூரில் 1966 முதல் இதற்கென நடந்துவரும் தேசியப் போட்டியில், தனியாடலில் வென்றவர் அதன்பின் வேறெந்தப் போட்டியிலும் தனியாடலில் இறங்குவதில்லை என்ற எழுதப்படாத வழக்கம் இன்றும் காக்கப்படுகிறது. உடலை வருத்தும் சில நிமிட ஆட்டத்துக்காக ஒருவர் பல ஆண்டுகள் உழைக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பெரிய அரங்குகளில் இருபது பேர் ஒரே அடியை ஒன்றாக மிதிப்பதும், வேட்டைக்கருவியாக இருந்த பொலியாதோராக்களை, அதாவது கயிற்று நுனியில் கட்டிய குண்டுகளை, சுழற்றித் தரையில் தட்டுவதும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த ஆரவாரத்தில் நுண்ணிய அடிகள் கலந்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒரு முரசும் ஒரு கிதாரும் ஓர் ஆடுநருமே எனக்குப் போதும்.

மரினேரா வேறு வகை. முன்பு 'சிலேனா' என்றும் வழங்கிய இந்த ஆடலுக்கு, சிலியுடன் போர் மூண்ட 1879-இல் எழுத்தாளர் அபெலார்தோ கமர்ரா பெருவின் கடற்படையைப் போற்றி இப்பெயரைச் சூட்டினார். வடபகுதிப் பாணியில் பெண் வெறுங்காலுடனும் ஆண் காலணியுடனும் ஆட, இருவர் கையிலும் கைக்குட்டை அசைகிறது. தொடாமலே நெருங்கி விலகும் அந்த உரையாடலில், தாளம் தவறும்போது கைக்குட்டையை விட்டுவிட்டுப் பெண்ணின் பாதங்களைப் பாருங்கள். கைதட்டுவதை நிறுத்தி, தொடையில் மெல்ல 'தக தக தக' போட்டுக்கொண்டே வாயில் 'தகிட தகிட' சொல்லிப் பழகுங்கள். இரண்டும் ஒரே தட்டில் வந்து சேரும் இடம்தான் நீங்கள் தேடிய முதல் தட்டு.