பேரேட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: காரைக்குடியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பயங்கரவாதத் தடுப்பு பற்றி ஆய்வு செய்ய ஆசை. ‘இதையெல்லாம் தேடிப் படித்தால் போலீஸ்தான் வாசலுக்கு வரும், வேலை வராது’ என்கிறார் அப்பச்சி, அதாவது என் அப்பா. ஐயாவை, அதாவது தாத்தாவைப் பெற்றவர் ரங்கூனில் லேவாதேவி (வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில்) செய்தவர். அவருடைய கணக்குகள்கூட வீட்டில் இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அப்பச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2008இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஆய்வுக்காக அல்-கொய்தா கையேடு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினார். அது அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்த ஆவணம். ஆனாலும் ஆறு நாள் காவலில் வைத்தார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு 20,000 பவுண்டு இழப்பீடும் கொடுத்தார்கள். நம் ஊரில் உபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் சிக்கினால் ஜாமீனே எளிதில் கிடைக்காது. அதனால் தலைப்பு, நோக்கம், நெறியாளர் கையெழுத்து, பல்கலைக்கழக அனுமதி எல்லாம் எழுத்தில் கைக்கு வரும்வரை எந்தப் பிரசார ஆவணத்தையும் இறக்காதீர்கள்.

அப்படி இறக்காமலே செய்ய நிறைய இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தரவுத்தொகுப்பில் 1970 முதல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயங்கரவாதச் சம்பவங்கள் உள்ளன. அதிலும் 1993ஆம் ஆண்டுப் பதிவுகள், அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டன. வரலாறு படித்த உங்களுக்கு ஆவணம் தொலைவதன் வலி தெரியும்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது பணத்தின் பாதையை. 2001இல் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதைக் குற்றமாக்கச் சொன்னது. அன்றிலிருந்து, வங்கி வழியே போகாமல் நம்பிக்கையின் பேரில் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல், ஹவாலா என்றாலே சந்தேகம். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு உண்டியலில் பணம் அனுப்பும் கொத்தனாரையும் வெடிகுண்டுக்குப் பணம் அனுப்புகிறவனையும் ஒரே தராசில் வைக்கும் எழுத்துகளைப் படிக்கும்போது எனக்கு மனசு பதறும். உங்கள் வீட்டு லேவாதேவிக் காலத்தில் ரங்கூனில் கட்டிய பணத்தைத் தேவகோட்டையில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துக் கொடுத்தார்களே, அந்த நம்பிக்கை எப்படி நடந்தது? லேவாதேவிக் கடை ஆட்களில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று யார் யாருக்குப் பொறுப்பு? எது பதிவானது, எது வாய்ப்பேச்சில் நின்றது? இவை தெரிந்த ஒருவர்தான் அந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்ட முடியும். அதற்கான சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

வேலை விஷயம். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் அதற்குத் தனித்தாள் உண்டு. டெல்லியில் பாதுகாப்பு ஆய்வுக்கான மனோகர் பாரிக்கர் நிறுவனம், குஜராத்தின் காந்திநகரில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் ஆகியவையும் இருக்கின்றன. என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) போன்ற புலனாய்வு அமைப்புகளுக்கு முனைவர் பட்டம் நேர்வழி இல்லை, அதற்கு அரசுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் வங்கிகளில் கறுப்புப் பணத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை 2004இல் தொடங்கிய நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கிகள் தெரிவித்தாக வேண்டும். உண்டியல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. புள்ளியியல் மட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த விடுமுறையில் அந்தப் பேரேடுகளை வெளியே எடுத்து, கரையான் அரிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். பழைய தமிழ் எண்களும் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் உங்களுக்குப் புரியாது. ஐயா இருந்தால் அவரை வளவில் (வீட்டு முற்றத்தில்) பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். அப்பச்சியையும் கூப்பிடுங்கள்.