புகைப்படம் எடுப்பது கலையா? பெரியப்பாவின் இருட்டறையிலிருந்து ஒரு பதில்

பொத்தானை அழுத்தினால் கமரா தானாகவே படத்தை எடுத்துவிடுகிறது, அப்படியிருக்க அதை ஓவியத்தோடும் சிற்பத்தோடும் சேர்த்துக் கலை என்று எப்படிச் சொல்லலாம் என்பதே இங்கே கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. கலைதான் என்பது என் பதில். ஆனால் எடுக்கப்படும் படமெல்லாம் கலை என்று நான் சொல்ல வரவில்லை. நொத்தாரிசு எழுதும் காணி உறுதியும் கவிஞர் எழுதும் வெண்பாவும் ஒரே தமிழெழுத்துகளால் ஆனவைதான். உறுதி கவிதையாகாது என்பதற்காக எழுத்தில் கலையே இல்லை என்று எவரும் வாதிடுவதில்லை. கடவுச்சீட்டுக்கு எடுக்கும் படத்தைக் காட்டிப் புகைப்படம் கலையல்ல என்று முடிவு கட்டுவதும் அதே மாதிரியான வாதம்தான்.

இந்த ஐயம் இன்று பிறந்ததல்ல. 1839இல் பாரிஸில் டாகேர் என்பவரின் படமெடுக்கும் முறை அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்தே அது தொடர்ந்து வருகிறது. 1859ஆம் ஆண்டின் பாரிஸ் ஓவியக் காட்சியைப் பற்றி எழுதிய கவிஞர் போதலேர், அச்சுத்தொழிலும் சுருக்கெழுத்தும் இலக்கியத்துக்குப் பணிசெய்வதைப்போலப் புகைப்படமும் கலைகளுக்கும் அறிவியலுக்கும் பணிசெய்வதோடு நின்றுகொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பின்னர் இதே விவாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நெப்போலியன் சரோனி என்னும் நியூயோர்க் படப்பிடிப்பாளர் எடுத்த, எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டின் படத்தை அச்சு நிறுவனமொன்று அனுமதியின்றிப் பிரதிசெய்தது. இயந்திரம் எடுத்த படத்துக்கு ஆக்கியோன் என்று ஒருவர் இருக்க முடியாது என்பது அந்த நிறுவனத்தின் வாதம். வைல்டை அமரவைத்த விதமும், உடையையும் திரையையும் தெரிவுசெய்ததும், ஒளியையும் நிழலையும் ஒழுங்குபடுத்தியதும் சரோனியின் சிந்தனையிலிருந்து வந்தவை என்று சொல்லி, 1884இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆயினும் அது ஸ்ரூடியோவின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தருகே மாலையில் நின்று, இடுப்பளவு நீரில் வலை இழுக்கும் ஒருவரைப் படமெடுப்பவர் எதையும் ஒழுங்குபடுத்துவதில்லை. வெயிலும் கடலேரியும் அந்த மனிதரும் அவருடைய ஏவலுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவருடைய கையில் இருப்பவை எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது, எடுத்தவற்றுள் எதை மற்றவர்களுக்குக் காட்டுவது என்ற தெரிவுகள் மட்டுமே. ஓவியர் வெறுந்தாளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறார். படப்பிடிப்பாளரோ நிரம்பி வழியும் உலகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகிறார். கழிப்பதும் ஆக்கம்தான் என்பதைச் சிற்பிகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தெரிவின் வலிமைக்கு எங்கள் நாட்டு மண்ணிலேயே உறங்கும் ஒருவரைச் சாட்சியாகச் சொல்லலாம். பிரித்தானியப் படப்பிடிப்பாளரான யூலியா மார்கரெட் கமரன் தம்முடைய 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவோடு படமெடுக்கத் தொடங்கியவர். முகங்களைக் கூர்மையாகக் காட்டாமல் சற்றே மங்கலாக விடுவதைத் தொழில் தெரியாதவரின் பிழை என்று அக்காலத்து விமர்சகர்கள் இகழ்ந்தார்கள். அவரோ, வில்லையைத் திருகிக்கொண்டு போகும்போது தம் கண்ணுக்கு எந்த இடத்தில் அழகு தோன்றிற்றோ அந்த இடத்தில் நிறுத்தியதாகவே சொன்னார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம்செய்யப்பட்டார். அவருக்குப் பிறகு கொழும்பிலே படப்பிடிப்பாளர் லயனல் வென்ட், படம் கழுவும்போது இடையில் ஒளிபடவிட்டு வெளுப்பையும் கறுப்பையும் ஓரளவு தலைகீழாக்கும் முறையையெல்லாம் கையாண்டார். 1943இல் உருவான '43 குழு' ஓவியர்களுக்கு அவர் உற்ற துணையாகவும் இருந்தார். இவ்விருவரும் பயன்படுத்திய கமராக்கள் அக்காலத்தில் மற்றப் படப்பிடிப்பாளர்களிடமும் இருந்தவைதான்.

என்றாலும் இதை நான் படித்து அறிந்துகொள்வதற்கு முன்பே பெரியப்பாவின் இருட்டறையில் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஒழுங்கையில் அவருடைய ஸ்ரூடியோ இருந்தது. அடையாள அட்டைப் படம், கலியாணம் பேசுவதற்குக் கொடுத்துவிடும் படம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்னும் நினைவு நூலில் போடுவதற்குக் கூட்டத்திலிருந்து தனியாக எடுத்துக்கொடுக்கும் முகம் என்பவையே அவருடைய அன்றாட வேலைகள். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்ல மெல்லத் தொட்டு, அந்த இடங்கள் தாளில் வெளுத்து விழும்படி செய்து, கண்ணுக்குக் கீழுள்ள கருமையைக் குறைப்பார். தாளின்மேல் ஒளி விழும்போது உள்ளங்கையை இடையில் அசைத்து, முகம் கறுத்துப்போகாமல் காப்பார். அந்தக் கை ஒரு கணம் நின்றாலும் அதன் நிழல் தாளில் வெளுத்த தழும்புபோல் விழுந்துவிடும். இவற்றையெல்லாம் அவர் தொழில் என்றே சொல்வார். கலை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

2002இல், போரினால் மூடியிருந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து தாளும் படம் கழுவும் மருந்தும் தட்டின்றி வரத் தொடங்கியிருந்த காலத்தில், ஓர் ஆச்சி பள்ளிக்கூட வகுப்புப் படமொன்றைக் கொண்டுவந்தார். 1995 ஒக்ரோபரில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த படங்களெல்லாம் போய்விட்டன. காய்ச்சலில் இறந்த மகனுடைய முகம் எஞ்சியிருந்தது, உறவினர் வீட்டிலிருந்து கிடைத்த அந்தப் படத்தின் மூன்றாம் வரிசையில் மட்டும்தான். அது நெல்மணியளவுகூட இல்லை. பெரியப்பா அதைப் படமெடுத்துப் பெருப்பித்தபோது நெற்றியும் தலைமயிரும் சட்டைக் கழுத்தும் தெரிந்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு நிழல்களே இருந்தன. தூரிகையால் கண்களை வரைந்துவிட அவருக்கு அரை மணித்தியாலம் போதும். அவர் வரையவில்லை.

"கண் வடிவாத் தெரியேல்லையே தம்பி" என்றார் ஆச்சி.

"அதில இருக்கிறது இவ்வளவுதான் அம்மா. மிச்சத்தை நான் கீறினால் அது வேற ஆற்றையோ பிள்ளையாப் போயிடும்."

ஆச்சி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே சட்டம் போட்டுத் தரச் சொன்னார்.

கமரன் தாமாகத் தேடிக்கொண்ட மங்கலும், பெரியப்பா அழிக்க மறுத்த மங்கலும் வேறு வேறு காரணங்களால் வந்தவை. ஆனால் எங்கே கையை நிறுத்துவது என்பதை இரண்டு இடங்களிலும் தீர்மானித்தது மனிதரே, வில்லையல்ல. அதனால்தான் அந்தப் படத்தைக் கலை என்று தயங்காமல் சொல்கிறேன்.

அன்று அவர் பரீட்சித்துப் பார்த்த தாள்கள் மூன்றும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒளிபடவிட்ட நேரம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது: 8 செக்கன், 11 செக்கன், 14 செக்கன். எட்டில் முகம் வெளுத்துச் சட்டையோடு கலந்துவிடுகிறது. பதினொன்றில் தலைமயிர் சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்து தெரிகிறது. ஆச்சிக்குக் கொடுத்த படம் அந்தக் கணக்கில் எடுத்ததுதான். பதினான்கில் மயிரும் சுற்றுப்புறமும் கறுத்து ஒன்றாகிவிட, அந்த இரண்டு நிழல்களும் ஆழ்ந்து, பையன் எங்களையே பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. பெரியப்பா அதை ஏன் ஒதுக்கினார் என்று எனக்குப் புரிகிறது. என் கையில் விட்டிருந்தால் நான் பதினான்கைத்தான் கொடுத்திருப்பேன்.