மின்தடையைக் கூட்டினால் வோல்டேஜும் கூடுமா?

கேள்வி: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை என்கிறார்கள். அப்படியானால் மின்தடையைக் கூட்டினால் வோல்டேஜும் கூட வேண்டுமே, ஏன் கூடுவதில்லை?

பள்ளியில் படித்தபோது எனக்கும் இதே குழப்பம்தான். சூத்திரத்தில் பிழையில்லை. அந்த மூன்றில் எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் அழுத்தம் எவ்வளவு என்பதை பேட்டரி முடிவு செய்துவிடுகிறது. எந்த ரெசிஸ்டரை, அதாவது மின்தடை தரும் பாகத்தை, போடுவது என்பது உங்கள் கையில். மிச்சம் மின்னோட்டம் மட்டும், அதனால் மாறுவதும் அதுதான். 450 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்பியர், 900 ஓம் போட்டால் பத்து.

இந்த விதியைக் கண்டறிந்த ஜெர்மானியரான கியோர்க் ஓமுக்கே இதில் தலைவலி இருந்தது. அந்தக் காலத்து பேட்டரிகளின் அழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். அதன் பிறகே கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தார். 1827இல் அவர் புத்தகம் வந்தது.

ஆனாலும் நீங்கள் நினைத்தது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். அதே 9 வோல்ட்டில் 100 ஓம், 200 ஓம் இரண்டையும் தொடராக இணைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே 30 மில்லி ஆம்பியர். முதலாவதன் குறுக்கே 3 வோல்ட், இரண்டாவதன் குறுக்கே 6. இங்கே தடை கூடியவனுக்குத்தான் வோல்டேஜில் பெரிய பங்கு. மொத்தம் மட்டும் ஒன்பதைத் தாண்டாது.

எல்இடிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நான் ஒன்றை நேராக 9 வோல்ட்டில் மாட்டிக் கருக்கியவன். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டைச் சுமக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 390 ஓம் போட்டால் ஏறக்குறைய 18 மில்லி ஆம்பியர், அது போதும்.

இன்னொன்று, மின்தடையும் எப்போதும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு கணக்குப்படி 880 ஓம் இருக்க வேண்டும். பல்பைத் தனியே கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன், 65 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மீட்டர் சரிதான், இழை குளிர்ந்திருந்தது. சூடேறினால்தான் தடை அவ்வளவு உயரும். அப்படியென்றால் சுவிட்சைப் போட்ட கணத்தில் கால் ஆம்பியருக்குப் பதில் மூன்றரை ஆம்பியர் வரை பாயலாம். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனே ஃபியூஸ் போவது இதனால்தான்.