கையை வீசி ஆடும் கேம்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கேள்வி: தங்கை வீட்டில் நின்டெண்டோ வீ-யில் டென்னிஸ் ஆடினோம். வீடியோ கேமே தொட்டிராத அம்மாகூட எழுந்து நின்று ஆடினார். பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிவிடலாமா? (மதுரை)

பதில்: அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி ஆடும் கேம் பெட்டிதான் வீ. 2006-ல் வந்த அது உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றதற்கு, உங்கள் அம்மா மாதிரியானவர்களும் எழுந்து நின்றது ஒரு பெரிய காரணம். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கேமில் கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி, அமுக்கியிருந்த பட்டனை விட்டால் பந்து உருள்கிறது, இதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் எல்லாரும் தோளிலிருந்து வீசுவார்கள், மறுநாள் தோள்பட்டை வலிக்கும், கொஞ்ச நாளில் பிள்ளைகள் சோபாவில் சாய்ந்தபடியே மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி ஜெயித்துவிடுவார்கள். பழைய ரிமோட்டில் அசைவை அளக்க இருப்பது முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதை உணரும் சில்லு, மட்டும்தான். உலுக்கினால் அதற்குத் தெரியும், கை எப்படித் திரும்பியது என்பது சரியாகத் தெரியாது. 2009-ல் மோஷன்பிளஸ் என்ற இணைப்பில் கை திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப் வந்தது, அதுவும் அதற்கென்று செய்த கேம்களில்தான் வேலை செய்யும். அது உள்ளேயே இருக்கும் ரிமோட்டாகக் கேளுங்கள். அப்புறம், இன்றைய டிவிகளில் கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ வீ-யில் கிடையாது. உங்கள் டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். ஹாலில் நின்று கையை உயரத் தூக்கியும் பாருங்கள், ஃபேன் தட்டினால் வாங்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த வீ. பிளக் மாட்டியதும் புகை வாசனை, அதோடு செத்துவிட்டது. யாரிடம் புகார் செய்வது? (கோவை)

பதில்: யாரிடமும் செய்ய முடியாது. அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது, நம் வீட்டில் வருவது 230. அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் இதே கடிதம் விதவிதமான பொருள்களோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. சரி, பெட்டி பிழைத்திருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் அதற்குள் போவது 12 வோல்ட்தான். 230 வோல்ட்டுக்கான வீ அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். உயிர் வந்தாலும் அமெரிக்க டிஸ்க் மட்டும்தான் ஓடும், இங்கே ஐரோப்பிய டிஸ்க்கை வாங்கிக் காசை விடாதீர்கள்.

கேள்வி: டிவிக்கும் சுவருக்கும் நடுவே 5 அடி. எக்ஸ்பாக்ஸ் கைனெக்ட் வாங்கலாமா? (சென்னை)

பதில்: வேண்டாம். கைனெக்ட் என்பது ரிமோட் இல்லாமல் நம் உடல் அசைவையே பார்க்கும் கேமரா. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கைனெக்ட்டில் ஒருவர் ஆடவே சுமார் 6 அடி தேவை, கைனெக்ட் தயாரிப்பும் 2017-லேயே நின்றுவிட்டது.

கேள்வி: டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் வீ-யின் சென்சார் பட்டையை எலி கடித்துவிட்டது. "மெயின் சென்சாரே போச்சு" என்று கடையில் பெரிய தொகை கேட்கிறார்கள். (சேலம்)

பதில்: கொடுக்காதீர்கள். பெயர்தான் சென்சார், அதன் இரண்டு முனையிலும் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள். பார்க்கிற கேமரா ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. சந்தேகமிருந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பட்டை இருந்த இடத்தில் அதன் நீளத்துக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிப் பாருங்கள், ரிமோட்டைக் காட்டினால் திரையில் கை அடையாளம் நகரும். மாற்றுப் பட்டை தனியாகவே கிடைக்கும், அறுந்த வயரை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனே ஒட்டியும் தருவார்.

கேள்வி: பொருட்காட்சியில் "வீ மாதிரியேதான்" என்று சொல்லி வெள்ளைப் பெட்டி ஒன்றை விற்றார்கள். உள்ளே பழைய கார், தவளை கேம்கள்தான். பில் இல்லை. மகள் அழுதுவிட்டாள். (திருநெல்வேலி)

பதில்: மகளிடம் சொல்லுங்கள், தவறு உங்கள் வீட்டில் இல்லை. எனக்கும் இப்படி ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் வீசினாலும் பந்து ஒரே பக்கம் போனது, கையை அசைக்காமல் பட்டனை அமுக்கினாலும் அதே அடிதான். விற்றவரோ "சார்ஜ் ஏறினா சரியாயிடும்" என்றார். ரிமோட்டில் இருந்தது சாதாரண பென்சில் செல்!

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு மாட்டிவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று நினைக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. ஜிபே செய்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் சாட்சி. பெட்டியையும் கடையின் போர்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், பொருட்காட்சி முடிவதற்குள் ஆளின் முழு முகவரியை வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள், அந்த எண்ணத்தை நம்பித்தான் அவர்கள் ஊர் ஊராக ஸ்டால் போடுகிறார்கள்.

கேள்வி: பையன் வீசிய ரிமோட் கைநழுவி டிவி திரையில் விழுந்துவிட்டது. டிவி வாரண்டியில் வருமா? (ஈரோடு)

பதில்: வராது. மணிக்கட்டு வாரை மாட்டியிருந்தானா என்று நீங்கள் எழுதவே இல்லை. 2006 டிசம்பரில் மெல்லிய வார்கள் அறுந்துபோகின்றன என்று நின்டெண்டோவே சுமார் 32 லட்சம் வார்களை மாற்றித் தர முன்வந்தது, அதன்பின் தடித்த வார்தான். பழைய ரிமோட் என்றால் வாரை இழுத்துச் சோதியுங்கள். திரையை மட்டும் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், பல மாடல்களில் அது புது டிவி விலையை நெருங்கிவிடும்.