மிசாவாவின் கழுத்து

வணக்கம் சார்,

சின்ன வயதில் டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு ரெஸ்லிங் பார்த்த தலைமுறை நான். எல்லாம் முன்பே பேசி வைத்தது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். இப்போது யூடியூபில் பழைய ஜப்பான் மேட்சுகள் கிடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டேன், குறிப்பாக மிட்சுஹாரு மிசாவாவிடம். பச்சைக் கால்சட்டை, எதற்கும் மாறாத முகம், முழங்கையால் ஓங்கி ஓர் அடி. அவர் 2009இல் ரிங்கில் விழுந்து இறந்துபோனார் என்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கேள்விகள். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவான ஆட்டத்தில் ஒருவர் எப்படிச் சாக முடியும்? கடைசியாக அவரைத் தூக்கிப் போட்டவர் மேல் தவறே இல்லையா? அது மன்னிக்க முடியாத கவனக்குறைவு என்கிறான் என் நண்பன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதற்குப் பதில் சுருக்கம். அகிதோஷி சைட்டோ மேல் தவறு இல்லை.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. இரட்டையர் சாம்பியன் பெல்ட்டுக்கான மேட்ச். மிசாவாவும் இளைஞர் கோ ஷியோசாகியும் ஒரு பக்கம், சைட்டோவும் அமெரிக்கரான பைசன் ஸ்மித்தும் எதிர்ப்பக்கம். சைட்டோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி, தானும் மல்லாந்து விழுந்தபடி மிசாவாவைப் போட்டார். ஜப்பானில் பேக் டிராப் என்பார்கள். தினப்படி மேட்சுகளில் வந்துபோகிற பிடிதான். மிசாவா அதை எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறார், அதைவிடப் பயங்கரமானவற்றையும் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு எழவில்லை. அசைய முடிகிறதா என்று நடுவர் கேட்டபோது நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பிறகு நினைவு தப்பிவிட்டது. இரவு 10:10க்கு மருத்துவமனையில் இறந்தார். கழுத்தில் தண்டுவடம் அறுந்திருந்தது. ஐந்து நாள் கழித்து அவருடைய 47ஆவது பிறந்தநாள்.

சைட்டோவைத் திட்ட அன்றைக்கும் உங்கள் நண்பரைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். ரெஸ்லிங்கையே விட்டுவிடலாம் என்றுகூட சைட்டோ நினைத்திருக்கிறார். ஆனால் மறுநாள் ஃபுகுவோகாவில் நிகழ்ச்சி நடந்தபோது ரிங் ஏறினார், அதற்குப் பிறகு 2024இல் ஓய்வு பெறும்வரை ஆடினார். அவர் பின்னாளில் வெளியே சொன்ன ஒரு செய்தி உண்டு. தனக்கு ரிங்கில் ஏதாவது ஆகிவிட்டால் எதிரே நின்றவருக்குச் சொல்ல வேண்டியது என்று மிசாவா முன்கூட்டியே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தாராம். அது கடிதமாக சைட்டோவின் கைக்கு வந்தது. சாரம் இதுதான்: நீ மனம் உடையாதே, தொடர்ந்து ஆடு.

இதைக் கேட்டுப் பலரும் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு நெகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வருகிறது. இப்படி ஒரு செய்தியைச் சொல்லி வைக்கிற மனிதருக்குத் தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் ஏறினார்? உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. 'முடிவுதான் பேசி வைத்தது, விழுவது நிஜம்' என்று ரெஸ்லிங் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். சரிதான், ஆனால் போதாது. அப்படி விழுவது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மிசாவா பிறந்தது 1962இல், ஹொக்கைடோவில் யூபாரி என்கிற நிலக்கரிச் சுரங்க ஊரில். வளர்ந்தது டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில். பள்ளியில் அமெச்சூர் மல்யுத்தம். அதே பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த தோஷியாகி கவாடாதான் பின்னாளில் அவருடைய பரம எதிரி. 1981இல் ஜயண்ட் பாபா நடத்திய ஆல் ஜப்பான் என்ற ரெஸ்லிங் கம்பெனியில் சேர்ந்து அந்த ஆகஸ்டிலேயே முதல் மேட்ச் ஆடினார். 1984இல் மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள், அதே வருடம் திரும்பக் கூப்பிட்டு டைகர் மாஸ்க் முகமூடியை மாட்டிவிட்டார்கள். அது ஒரு புகழ்பெற்ற காமிக்ஸ் பாத்திரம். அதை முதலில் ரிங்கில் போட்டுக் கலக்கியவர் போட்டிக் கம்பெனியான நியூ ஜப்பானின் சதோரு சயாமா. சயாமா சின்ன உடம்புக்காரர், மின்னல் மாதிரி ஆடியவர். மிசாவாவோ வளர வளர ஹெவிவெயிட் ஆகிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட ஆறு வருடம் இன்னொருவரின் முகத்தை மாட்டிக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. 1989இல் முழங்கால் போய், வருடத்தின் பெரும்பகுதி ஆட்டமே இல்லை.

1990 வசந்தத்தில் பாபாவுக்கு இடி. கம்பெனியின் இரண்டாவது பெரிய நட்சத்திரமான கெனிசிரோ டென்ரியு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் பணம் போட்டுத் தொடங்கிய புதுச் சங்கத்துக்குப் போய்விட்டார். பின்னாலேயே இன்னும் பலர். மிச்சமிருந்த ஒரே பெரிய ஆள் ஜம்போ சுருதா, அவருக்கு எதிரே நிறுத்த ஆளில்லை. மே 14 அன்று டோக்கியோவில் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே மிசாவா, கூட்டாளியாக நின்ற கவாடாவிடம் தலையைக் காட்டி முகமூடியின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். மூன்றரை வாரம் கழித்து, ஜூன் 8, நிப்பான் புடோகான் அரங்கில் சுருதாவைத் தோற்கடித்தார். வாசலில் ரசிகர்கள் மிசாவா பெயரைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டுத்தான் பாபா அன்றைக்கே முடிவை மாற்றினார் என்று ஒரு கதை உண்டு. மேட்ச் 24 நிமிடம். கடைசியில் பிடிக்கு மறுபிடி போட்டு உருண்டு, மேலே அமுக்கி மூன்று எண்ணிக்கை வாங்கினார், அவ்வளவுதான். யாரும் யாருடைய கழுத்தையும் நொறுக்கவில்லை. ஆனால் அரங்கம் அழுதது, மிசாவாவும் அழுதார். நீங்கள் இதை இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. எண்பதுகளில் ஜப்பானில் பெரிய மேட்ச் என்றால் முடிவு பெரும்பாலும் சப்பென்று இருக்கும். இரண்டு பேரும் ரிங்குக்கு வெளியே புரண்டு, நடுவர் எண்ணி முடித்துவிடுவார், இல்லையென்றால் தகுதி நீக்கம். இரு தரப்பு நட்சத்திரங்களின் மானமும் காப்பாற்றப்படும், டிக்கெட் வாங்கியவன்தான் ஏமாளி. எண்பதுகளின் கடைசியில் பாபா இதை நிறுத்தினார். இனி எந்த மேட்சும் ஒருவர் தெளிவாகத் தோற்றுத்தான் முடியும். நேர்மையான முடிவு. ரசிகர்கள் கொண்டாடினார்கள், புடோகான் திரும்பத் திரும்ப நிரம்பியது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மிசாவா, கவாடா, கென்டா கோபாஷி, அகிரா டாவே என்ற நான்கு பேரைத் தூண்கள் மாதிரி வைத்துத்தான் கம்பெனி ஓடியது. அதே நால்வர் அதே அரங்கில் அதே ரசிகர்கள் முன்னால் மாற்றி மாற்றி மோத வேண்டும். போன தடவை மேட்சை முடித்த அடியில் இந்தத் தடவையும் முடிந்தால் கூட்டம் கொட்டாவி விடும். எனவே போன தடவை முடித்ததிலிருந்து இந்தத் தடவை நடுவர் மூன்று எண்ணி முடிவதற்குள், இரண்டே முக்காலில் தப்பிக்க வேண்டும், முடிப்பதற்குப் புதிதாக ஒன்று வேண்டும். மிசாவாவிடம் டைகர் டிரைவர் என்று ஒரு பிடி இருந்தது: எதிராளியைக் குனியவைத்து, இரண்டு கைகளையும் பின்னால் கோத்துத் தூக்கி, முதுகு படப் போடுவது. 1991இல் அதையே கழுத்தில் விழுகிற மாதிரி மாற்றினார். பெயரே டைகர் டிரைவர் 91. 1994 ஜூன் 3 அன்று 35 நிமிடத்துக்கு மேல் போன மேட்சில் கவாடாவை அதை வைத்துத்தான் முடித்தார். கோபாஷியோடு 1997 ஜனவரியில் ஒசாகாவில் ஆடியது 42 நிமிடம். இந்த மேட்சுகளின் வீடியோ டேப்புகள் கடல் தாண்டிக் கைமாறின, அமெரிக்காவில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். (நட்சத்திரம் போடுகிறவர்களுக்குக் கழுத்து வலிக்காது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அடியை வாங்குவதில், விழுவதில் மிசாவா மேதை என்று அவரோடு ஆடியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இதை நாம் பாராட்டாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அவருக்கு விழத் தெரியும் என்கிற நம்பிக்கையில்தான் எதிராளிகள் மேலும் மேலும் துணிந்தார்கள். அந்தத் திறமை இல்லாதிருந்தால் இந்தப் பாணி இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் பலி மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2003 மார்ச் 1 அன்று ரிங்குக்கு வரும் மேடைப்பாதையிலிருந்து கீழே தரைக்கு கோபாஷியைத் தூக்கிப் போட்டவர் அவர்தான். கோபாஷி எழுந்து வந்து ஜெயித்தார், கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இருபதுகளில், முப்பதுகளில் இப்படி ஆடினார், சரி. 46 வயதில் ஏன்?

ஜயண்ட் பாபாவும் ஒரே நேரத்தில் முதலாளி, மல்யுத்தக்காரர். 209 சென்டிமீட்டர் உயரம், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். ஆனால் வயதானதும் அவர் ஒரு காரியம் செய்தார்: தானே கீழே இறங்கினார். நிகழ்ச்சியின் நடுவில், மூத்தவர்களாகச் சேர்ந்து ஆறு பேர் ஆடுகிற ஒரு சிரிப்பு மேட்சை வைத்துக்கொண்டார். ரஷர் கிமுரா ஒரு பக்கம் அவரோடு, எதிரே ஹருகா எய்கென், மசனோபு ஃபுச்சி போன்றவர்கள். பாபா மெதுவாகக் காலைத் தூக்குவார், எதிராளி தானாக ஓடி வந்து அதில் மோதி விழுவார். மேட்ச் முடிந்ததும் கிமுரா மைக்கைப் பிடித்துக் கிண்டல் பேசுவார், அரங்கமே சிரிக்கும். 1998 டிசம்பர்வரை பாபா இப்படி ஆடினார், அடுத்த மாதம் 61 வயதில் புற்றுநோயில் இறந்தார். சுருதாவுக்கு 1992இல் கல்லீரல் நோய் என்று தெரிந்தபோதும் இதுதான் நடந்தது. திரும்பி வந்தவரைப் பெல்ட் பக்கம் போகவிடாமல், அலுங்காத கூட்டு மேட்சுகளில் வைத்துக்கொண்டார்கள். சுருதாவிடம் 'நீ இனிமேல் பெரிய மேட்ச் ஆட வேண்டாம்' என்று சொல்ல மேலே ஒருவர் இருந்தார்.

மிசாவாவுக்கு மேலே யாரும் இல்லை. பாபா இறந்த பிறகு 1999இல் ஆல் ஜப்பானின் தலைவர் ஆனார். பாபாவின் மனைவியோடு ஒத்துப்போகவில்லை, 2000இல் வெளியே வந்தார். கவாடாவும் ஃபுச்சியும் தவிர ஜப்பானிய வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் அவர் பின்னால் வந்துவிட்டார்கள், தொலைக்காட்சியும் வந்தது. நோவா என்ற புதிய கம்பெனி அந்த ஆகஸ்டில் தொடங்கியது. இத்தனை குடும்பங்களின் சம்பளம் இப்போது அவர் பொறுப்பு. முதல் சில வருடங்கள் நன்றாகவே போயின. கோபாஷி இரண்டு வருடம் பெல்ட்டை வைத்திருந்தார், டோக்கியோ டோமில் நிகழ்ச்சி நடந்தது. 2006இல் கோபாஷிக்குச் சிறுநீரகப் புற்றுநோய். இளைய தலைமுறையை நம்பி அரங்கம் நிரம்பவில்லை. அந்த டிசம்பரில் 44 வயது மிசாவா நவோமிசி மருஃபுஜியிடமிருந்து பெல்ட்டை வாங்கி, 2008 மார்ச் வரை தன்னிடமே வைத்திருந்தார். 2009 மார்ச்சில் நிப்பான் டிவி நிகழ்ச்சியை நிறுத்தியது. மாதாமாதம் வந்த பெரிய வருமானம் போயிற்று. அந்த நிலையில் சுவரொட்டியில் மிசாவாவின் பெயர் இல்லாமல் ஹிரோஷிமாவிலோ ஃபுகுவோகாவிலோ டிக்கெட் விற்பது எப்படி? முதலாளி மிசாவாவுக்கு, வீரர் மிசாவாவை வீட்டுக்கு அனுப்ப மனமும் வரவில்லை, வழியும் இல்லை.

பாபா மாதிரி சிரிப்பு மேட்சுக்கு இறங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இறங்கியிருக்கலாம், இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பாபா இறங்கியபோது அவருக்குப் பின்னால் டென்ரியு, சுருதா, அப்புறம் இந்த நால்வர் என்று வரிசை நின்றது. மிசாவா உருவாக்கிய பாணியோ அடுத்த வரிசையையும் சேர்த்துத் தின்றது. கோபாஷியின் முழங்கால்கள் போயின. ஜுன் அகியாமாவுக்கு முதுகுத் தட்டு விலகி, பெரிய பெல்ட்டையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மிசாவா இறந்த மறுநாள் ஃபுகுவோகாவில் நடந்தது, அகியாமா விட்ட அந்தப் பெல்ட்டுக்கான மேட்ச்தான். முந்தின இரவு மிசாவாவின் கூட்டாளியாக நின்ற ஷியோசாகி அதில் ஜெயித்தார், 27 வயதில்.

ஆகவே உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: அந்தக் கழுத்தில் சைட்டோவின் பங்கு கடைசித் துளி. பாபாவின் நல்லெண்ண விதிக்கும், சக தூண்களுக்கும், புடோகானில் காலைத் தட்டிக் கத்திய கூட்டத்துக்கும், டேப் வாங்கிப் பார்த்த என்னைப் போன்றவர்களுக்கும், எல்லோரையும்விட மிசாவாவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மேட்சுகளைப் பார்ப்பதை விட வேண்டாம். 1994 ஜூன் 3 மேட்சை நான் இன்றைக்கும் பார்ப்பேன், அதற்கு இணையாக ரெஸ்லிங்கில் அதிகம் இல்லை. ஆனால் அந்தத் தேடலிலேயே பாபாவின் ஆறு பேர் சிரிப்பு மேட்சுகளும் அகப்படும். ஐந்து நட்சத்திரப் பட்டியல்களில் அவை இருக்காது என்பதால் யாரும் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். நான் செய்கிறேன். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் கிமுரா மைக்கைப் பிடிக்கும்போது சிரித்துவிடுவீர்கள்.