கேள்வி – பதில்: டனலுக்கு எந்த முனை?

கே: எங்கள் பனியன் கம்பெனி திருப்பூரில், கிடங்கு சென்னையில். இரண்டு ரவுட்டருக்கும் நடுவே ஜிஆர்இ டனல் (இன்டர்நெட் மேலேயே இரண்டு ரவுட்டரை இணைக்கும் வழி) போட்டேன். உள்ளே போகப்போவது லேன் (அலுவலக உள் நெட்வொர்க்) டிராஃபிக்தானே என்று லேன் இன்டர்ஃபேஸையே சோர்ஸாகக் கொடுத்தேன். டனல் ‘அப்’ என்று காட்டுகிறது. ஒரு பிங்கூடப் போகவில்லை. திருப்பூரில் இரண்டு இன்டர்நெட் லைன் இருக்கிறது, இரண்டிலும் ஸ்டாட்டிக் ஐபி. சோர்ஸாக எதைக் கொடுக்க வேண்டும்?
— திருப்பூர் வாசகர்

ப: முதலில் லேன் இன்டர்ஃபேஸை எடுத்துவிடுங்கள். உங்கள் லேன் பாக்கெட்டை ரவுட்டர் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது, தபால் உறையைப் பெரிய உறைக்குள் போடுவது போல. வெளி உறையின் அனுப்புநர் முகவரிதான் சோர்ஸ். பெறுநர் முகவரி டெஸ்டினேஷன். நீங்கள் லேனைக் கொடுத்ததால் அனுப்புநர் இடத்தில் 192.168 என்று தொடங்கும் முகவரி ஏறிவிட்டது. அந்த முகவரிக்கு இன்டர்நெட்டில் வழி கிடையாது.

சென்னை ரவுட்டரும் அதை ஏற்காது. இங்கே சோர்ஸ் எதுவோ அதுவே அங்கே டெஸ்டினேஷனாக இருக்க வேண்டும். அங்கே சோர்ஸ் எதுவோ அதுவே இங்கே டெஸ்டினேஷன். திருப்பூர் முதல் லைனின் முகவரி 203.0.113.10, சென்னையுடையது 198.51.100.20 என்று வையுங்கள். திருப்பூரில் சோர்ஸ் 203.0.113.10, டெஸ்டினேஷன் 198.51.100.20. சென்னையில் அப்படியே தலைகீழ். டெஸ்டினேஷனாக எதிர்முனையின் டனல் ஐபியைக் கொடுப்பவர்களையும் பார்க்கிறேன். டனல் ஐபி உள் உறைக்கு உரியது. அங்கே போய்ச் சேரவே டனல் வேண்டும்.

‘அப்’ என்று காட்டியதே என்றால், பெரும்பாலான ரவுட்டர்களில் சோர்ஸ் இன்டர்ஃபேஸ் உயிரோடு இருந்து, டெஸ்டினேஷனுக்கு ஏதோ ஒரு ரூட் இருந்தால் போதும், டனல் அப் ஆகிவிடும். தனி வழி எழுதாத எல்லா முகவரிக்கும் பொதுவான டீஃபால்ட் ரூட்டே அதற்குப் போதும். மறுமுனை இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. கேட்க வைக்க கீப்அலைவ் (அவ்வப்போது மறுமுனையைச் சோதிக்கும் பாக்கெட்) போடுங்கள். சிஸ்கோவில் அதன் இயல்பான அளவு 10 நொடிக்கு ஒருமுறை, 3 முயற்சி.

இனி உங்கள் இரண்டு லைன். பலர் இரவெல்லாம் உட்காருவது இங்கேதான். சோர்ஸாக முதல் லைனின் இன்டர்ஃபேஸைக் கொடுத்தால் பாக்கெட் அந்த லைனிலேயே வெளியேறும் என்று நினைத்துவிடுகிறோம். வெளியேறும் லைனை, எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலான ரூட்டிங் டேபிள்தான் முடிவு செய்கிறது, அதுவும் டெஸ்டினேஷனைப் பார்த்து. டீஃபால்ட் ரூட் இரண்டாவது லைன் பக்கம் இருந்தால், முதல் லைனின் முகவரியைச் சுமந்துகொண்டு பாக்கெட் இரண்டாவது லைனில் போய் நிற்கும். தன்னுடையது அல்லாத முகவரியோடு வரும் பாக்கெட்டை அந்த நிறுவனம் தடுத்துவிடலாம். போலி முகவரித் தாக்குதலைத் தடுக்க அப்படிச் செய்யும்படி 2000-ல் வந்த ஆர்எஃப்சி 2827 என்ற இன்டர்நெட் நெறி ஆவணம் பரிந்துரைக்கிறது. அது சரியான ஏற்பாடுதான். ஆகவே 198.51.100.20 என்ற ஒற்றை முகவரிக்கு மட்டும் முதல் லைனின் கேட்வே வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதுங்கள். ஃபெயில்ஓவர் (டிராஃபிக் மற்ற லைனுக்கு மாறுவது) நடக்கும் நாளில் மட்டும் டனல் செத்துப்போகிற புகார்களில் நான் முதலில் தேடுவது இந்த ரூட்டைத்தான்.

இன்னும் இரண்டு விஷயம். ஜிஆர்இ எதையும் மறைக்காது. கணக்கு வழக்கு போகிறதென்றால் மேலே ஐபிசெக் என்ற குறியாக்கம் கட்டாயம். அப்போது ஜிஆர்இ கீப்அலைவை விட்டுவிட்டு மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஐபிசெக்கின் டிபிடியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, வெளி உறை 24 பைட் தின்னும். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான 1500 பைட் 1476 ஆகிவிடும்; ஐபிசெக்கும் சேர்ந்தால் 1400 வைப்பது வழக்கம். பிங் போகிறது, பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தொங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கே: லூப்பேக்கைத்தான் (கேபிள் இல்லாமல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) எப்போதும் சோர்ஸாகக் கொடுக்க வேண்டும் என்கிறார் எங்கள் சீனியர். சரியா?
— கோவை வாசகி

ப: அவர் வேலை பார்த்த இடத்தில் சரியாக இருந்திருக்கும். உங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள், ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை) லூப்பேக் முகவரியை எல்லா ரவுட்டருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதைவிட நல்ல சோர்ஸ் இல்லை. கேபிள் அறுந்தாலும் லூப்பேக் விழாது. பாக்கெட் மற்றொரு வழியில் போய்ச் சேரும், டனலுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இன்டர்நெட் மேலே போகும் டனலுக்கு அந்த யோசனை பொருந்தாது. லூப்பேக்கில் இருக்கும் 10.0.0.1-ஐ வெளியே யாருக்கும் தெரியாது. சொந்தப் பொது முகவரித் தொகுதியும் அதை இன்டர்நெட்டுக்கு அறிவிக்கும் பிஜிபியும் இல்லாதவர்கள் லைனுக்கு ஒன்றாக இரண்டு டனல் போடுவதே நல்லது. எதிர்முனையில் இரண்டு பொது முகவரி வாங்கி, டனலுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஒரே முகவரியைக் கொடுத்தால், மேலே சொன்ன ஸ்டாட்டிக் ரூட் இரண்டு டனலையும் ஒரே லைனுக்குத் தள்ளிவிடும். இரண்டு போட்டதற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

கே: டனலில் ஓஎஸ்பிஎஃப் ஆன் செய்ததிலிருந்து அது விழுந்து விழுந்து எழுகிறது. லாகில் ‘ரிகர்சிவ் ரவுட்டிங்’ என்று வருகிறது.
— மதுரை வாசகர்

ப: டெஸ்டினேஷனுக்கான வழியையே உங்கள் ரவுட்டர் டனலுக்குள் கற்றுக்கொண்டது. டனலை அடைய டனல் வழியாகவே போகப் பார்க்கிறது. முடியாமல் அதைக் கீழே போடுகிறது. ரூட் மறைந்ததும் டனல் எழும், ஓஎஸ்பிஎஃப் மீண்டும் அதே ரூட்டைச் சொல்லும். வெளி முகவரிகள் இருக்கும் சப்நெட்டை ஓஎஸ்பிஎஃப்பில் சேர்க்காதீர்கள். டெஸ்டினேஷனுக்கு ஒற்றை முகவரி ஸ்டாட்டிக் ரூட் இருந்தால் இன்னும் உறுதி.

கே: கிளை அலுவலகத்தில் ஸ்டாட்டிக் ஐபி கிடைக்கவில்லை. டெஸ்டினேஷனாக எதை எழுத?
— திருநெல்வேலி வாசகர்

ப: ரவுட்டரின் வான் (இன்டர்நெட் பக்கத்து) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அது உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் உள் முகவரி; ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறார்கள். வெளியிலிருந்து யாரும் அதைத் தேடி வர முடியாது. ஜிஆர்இக்குப் போர்ட் எண்ணும் இல்லை என்பதால் அந்தப் பகிர்வைச் செய்யும் நேட் பெட்டிகள் அதைக் கையாளத் திணறும். அங்கே வயர்கார்டு என்ற டனலுக்கு மாறுங்கள். 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் கிளையின் எண்ட்பாயின்டை (மறுமுனை முகவரி) காலியாக விடுங்கள். கிளையிலிருந்து முதல் பாக்கெட் வந்ததும் அதன் முகவரியைத் தானே தெரிந்துகொள்ளும். கிளைப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி என்று வைத்தால் நேட் வழி மூடாது.