கலந்தன

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு. தமிழ்ப் பரீட்சைக்காகச் சொற்களைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை என்று துண்டு போட்டு மனப்பாடம் செய்கிறாள். கவிதையை ரசிக்க இந்த அறுவை எதற்கு? சுலபமான கையேடு ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையேடு வேண்டாம், பாடப்புத்தகமே போதும். ‘அறுவை’ என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

செங்கல்பட்டுப் பக்கம் சின்ன ஏரியைத் தாங்கல் என்போம், பழவந்தாங்கலில் இருப்பது அந்தத் தாங்கல்தான். பள்ளியில் குறுந்தொகை 40ஆம் பாட்டு, ‘யாயும் ஞாயும்’. கடைசி அடி சீர் பிரித்து ‘அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே’ என்று அச்சாகியிருந்தது. அதற்கு முந்தின அடி ‘செம்புலப் பெயனீர் போல’. செம்மண்ணில் பெய்த மழை கடைசியில் தாங்கலுக்குத்தானே வரும், அதைத்தான் புலவர் பாடுகிறார் என்று எழுந்து சொன்னேன். தமிழையா சிரிக்கவில்லை. கரும்பலகையில் ‘தாம் கலந்தன’ என்று எழுதினார், அதன் கீழே கல + த்(ந்) + த் + அன் + அ. கடைசி அகரத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, “நெஞ்சம் ஒன்றாடா, இரண்டா?” என்றார்.

‘நெஞ்சம்’ ஒருமை போலத்தான் நிற்கிறது. ‘தாம்’ வந்த பிறகும், ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்கும் அந்தப் பலவின்பால் விகுதி ‘அ’ வந்த பிறகும்தான் அங்கே இருப்பது இரண்டு நெஞ்சம் என்று தெரிகிறது. மண்ணும் நீருமாக இனிப் பிரிக்கவே முடியாதபடி கலந்த பிறகும் அந்த ஒற்றை எழுத்து இரண்டையும் இரண்டாகவே வைத்திருக்கிறது. ‘கலந்தது’ என்று இருந்தால் ஒருவர் மற்றவருக்குள் காணாமல் போயிருப்பார். அப்புறம் அந்த இரண்டாவது ‘த்’, இறந்தகால இடைநிலை. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறவளிடம் தலைவன் சொல்லும் பாட்டு இது. கலக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை அவன், கலந்தாயிற்று என்கிறான். பயந்து நிற்கும் பெண்ணுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்? இதையெல்லாம் பார்க்காமல் எதை ரசிக்கிறீர்கள், செம்மண் நிறத்தையா?

மனப்பாடம் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். பாட்டை ஒரு பக்கத்திலும் பிரித்த சொல்லை இன்னொரு பக்கத்திலும் வைத்துப் படித்தால் யாருக்கும் கசக்கும். அதற்காகப் பிள்ளையின் காதுபட இலக்கணத்தை அறுவை என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

இன்றைக்கு ராத்திரி அவளோடு உட்காருங்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை, நுந்தையும் அப்படித்தான், எனது உனது என்று சொல்லுக்குள்ளேயே தனித்தனியாக நிற்கிறார்கள். இருவரும் முதன்முதலாக ஒரே சொல்லுக்குள் வருவது மூன்றாம் அடியில். அந்தச் சொல்லை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.